பதில்: கன்னியாகுமரி விடியலில் லென்ஸ் பூத்துப் போவது

ஏசி அறையிலிருந்து 5.30க்கு நேராகக் கடற்கரைக்குப் போனதாகவும், படங்கள் பால் ஊற்றியதுபோல் வெளுத்ததாகவும், துடைத்தும் திரும்பப் பூத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். லென்ஸில் பழுது இல்லை. 20 டிகிரியில் குளிர்ந்த கண்ணாடியில் ஈரமான கடற்காற்று பட்டதும் நீராகப் படிகிறது. கண்ணாடி சூடேறும்வரை துடைத்துப் பயனில்லை.

இரவே பேட்டரி, கார்டு போட்டு, லென்ஸையும் மாட்டி, கேமராவை ஜிப் கவரில் வைத்து, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன் பையைத் திறந்து, கவரோடு பால்கனியில் வையுங்கள். கவரின் வெளிப்புறம் வியர்க்கும், அது வியர்க்கட்டும். வியர்வை காய்ந்த பிறகே பிரியுங்கள். கேமரா குளிராக இருக்கும்போது லென்ஸ் மாற்றவே கூடாது. உள்ளே படம் பதியும் சென்சாரிலும் ஈரம் படியும்.

ஷட்டரை 10 விநாடி திறந்து வைத்து எடுத்த படத்தில் அலை மட்டுமல்ல, பாறையும் கலங்கியிருக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் மணல். ஒவ்வொரு அலையும் டிரைபாடின் (கேமரா முக்காலியின்) காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், அது மெல்லச் சாயும். முடிந்தால் அலை ஏறாத பாறைமேல் நிறுத்துங்கள். மணல்தான் என்றால் கால்களை நன்றாக அழுத்தி இறக்கி, இரண்டு அலை வந்து போனபின் ஷாட் எடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்றில் ஆடும் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிடுங்கள். ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை ஆஃப் செய்து, 2 விநாடி டைமர் வையுங்கள்.

லென்ஸில் உப்புத் துளி தெறித்தால் உலர்துணியால் தேய்க்காதீர்கள், கண்ணாடியின் பூச்சு கீறும். சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்து, பிறகு உலர்துணி போடுங்கள். டிரைபாட் கால்களை அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். விட்டால் கால்களின் பூட்டு இறுகிவிடும்.