தோற்போம் என்று ஒருவரும் சொல்லவில்லையே!

அன்புள்ள அண்ணா,

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னர் தினமும் இரண்டு தமிழ்ப் பத்திரிகையும் நாலைந்து யூடியூப் சனலும் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி 3 ஆசனம் எடுக்கும் என்று அவற்றில் ஒருவரும் சொல்லவில்லை. முடிவைக் கேட்டு அப்பா, "இதில ஏதோ கள்ளவேலை நடந்திருக்கு" என்றார். பக்கச்சார்பான ஊடகங்கள்தான் எங்களை ஏமாற்றினவா?

– வாசகர், உப்புவெளி

அன்பின் தம்பி,

ஏமாற்றியது உண்மை. ஆனால் பொய்ச் செய்தியால் அல்ல.

"தமிழர் அவங்களுக்குப் போடமாட்டாங்கள்" என்பதுதானே நீங்கள் தினமும் கேட்டது? அது பெரிய பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்திக்கு விழுந்தது 80,830 வாக்கு. நூற்றுக்கு 25கூட இல்லை. மிச்ச வாக்கு தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சை என்று சிதறிப்போனது. எங்கள் முறையில் மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்கள் பங்கீட்டிலேயே இல்லை. அப்படித்தான் கால்வாசி வாக்குக்கு ஆறில் மூன்று ஆசனம். எந்தச் சனலில் இந்தக் கணக்குப் போட்டார்கள்? யார் யாருக்கு வெட்டு என்பதே முழுநேரப் பேச்சு. அப்புறம் கூட்டப் படங்கள்: முன்வரிசை நாலும் நிறைந்திருக்கும், பின்னாலிருந்த வெறுங்கதிரை படத்துக்குள் வராது. (மைக் கிடைத்தவரெல்லாம் இப்போது அரசியல் ஆய்வாளர்.)

அமெரிக்காவிலும் 2012இல் இதே கதைதான். கணிப்புகள் ஒபாமா பக்கம் சாய, குடியரசுக் கட்சி சார்பான ஊடகர் சிலர் கணிப்பே கோணல் என்றார்கள். தேர்தல் இரவு பொக்ஸ் நியூஸ் ஒஹையோவை ஒபாமாவுக்கு அறிவித்தபோது அதே மேசையிலிருந்த குடியரசுக் கட்சி வியூகக்காரர் கார்ல் ரோவ் ஒத்துக்கொள்ளவில்லை. அறிவிப்பாளர் எழுந்து, கணித்தவர்களின் அறைக்கே நடந்துபோய்க் கேட்கவேண்டி வந்தது. கடைசியில் தேர்வாளர் வாக்கில் ஒபாமா 332, எதிராளி 206. தோல்விக்கு ஆயத்தமில்லாதவருக்கு வாக்கெண்ணியவன்தான் கள்ளன். அப்பாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நமது திருகோணமலை மாவட்டத்தையே பாருங்கள். செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இங்கே முந்தியவர் சஜித் பிரேமதாச. இரண்டு மாதத்தில் திசைகாட்டி 87,031 வாக்கோடு நாலில் இரண்டு ஆசனம். தமிழரசுக்கு ஒன்று, சஜித்தின் கட்சிக்கு ஒன்று. சிங்களவர் அதிகமுள்ள கந்தளாயில் பார்க்கும் சனல் வேறு, முஸ்லிம்கள் அதிகமுள்ள கிண்ணியாவில் வேறு, உப்புவெளியில் வேறு; மூன்று ஊரிலும் மூன்று பேர் ஏற்கெனவே வென்றிருந்தார்கள். அடுத்த தேர்தலுக்கு நாலைந்து தமிழ்ச் சனலில் இரண்டை நிறுத்திவிட்டு, கந்தளாயில் சிங்களப் பத்திரிகை வாசிக்கும் ஒருவரோடு பழக்கம் பிடியுங்கள். கிண்ணியாவிலும் ஒருவர் இருந்தால் நல்லது.