சட்டியில் இருந்தும் அகப்பையில் வராத சத்து

கேள்வி: கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசல் நிலத்தில் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரி மக்காச்சோளம் விதைக்கிறேன். மண்வள அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எக்டேருக்கு 24 கிலோ, 'அதிகம்' என்றும், கார அமில நிலை (pH) 8.4 என்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தையும் தூவுகிறேன். ஆனாலும் இளம்பயிரின் இலையோரம் ஊதா நிறமாகிறது. மண்ணில் இருக்கும் சத்து எங்கே போகிறது?

பதில்: எங்கும் போகவில்லை, உங்கள் நிலத்திலேயே இருக்கிறது. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது சமையலறைக்குச் சரி, மண்ணுக்கு அது பொருந்துவதில்லை. வேர் மண்ணைத் தின்பதில்லை. மண் துகள்களுக்கு இடையில் நிற்கும் ஈரத்தில் கரைந்திருப்பதை மட்டுமே அது உறிஞ்சுகிறது. ஒரு லிட்டர் மண்நீரில் கரைந்திருக்கும் மணிச்சத்து பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவுதான். வேர் எடுக்க எடுக்க, துகள்களில் ஒட்டியிருப்பதும் உப்பாகப் படிந்திருப்பதும் கரைந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பயிர் செழிப்பதும் வாடுவதும் மொத்த இருப்பைவிட, இந்த நிரப்பும் வேகத்தைப் பொறுத்தே அமைகிறது.

அட்டையில் உள்ள 'கிடைக்கும் மணிச்சத்து' என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. கார மண்ணுக்குரிய ஓல்சன் முறையில், சோடியம் பைகார்பனேட் கரைசலில் மண்ணைக் குலுக்கி, அதில் எவ்வளவு மணிச்சத்து இறங்குகிறது என்று அளக்கிறார்கள். அந்த எண், வயலில் பெற்ற விளைச்சலோடு ஒப்பிட்டுப் பொருள் கொள்ள வேண்டிய ஒரு குறியீடே தவிர, பயிரின் கைக்கு வந்து சேரும் கிலோக்கணக்கு அன்று. தவிர, ஆய்வகத்தில் மண் முழுவதும் கரைசலில் நனைகிறது. வயலிலோ வேர்கள் நேரடியாகத் தொடுவது மேல்மண்ணின் கன அளவில் மிகச் சிறிய பங்கையே.

தழைச்சத்து நைட்ரேட் வடிவில் நீரோடு ஓடி வேரை வந்தடையும். மணிச்சத்துக்கு அந்த ஓட்டம் கிடையாது. ஒரு பருவம் முழுவதும் அது நகரும் தூரம் சில மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு நகர்வும் ஈரத்தின் வழியாகவே நடக்க வேண்டும் என்பதால், விதைத்த பின் மழை பத்து நாள் தள்ளிப்போனாலே, சத்து இருந்தும் பயிர் பட்டினி கிடக்கும். உங்கள் கரிசலில் இன்னொரு இடையூறும் இருக்கலாம். உழும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் தட்டுப்பட்டால் அது சுண்ணாம்பு மிகுந்த மண். நீங்கள் இடும் டி.ஏ.பி. நீரில் எளிதில் கரைவதுதான் என்றாலும், கரைந்தவுடன் கால்சியத்தோடு சேர்ந்து, நாள் செல்லச் செல்ல மேலும் மேலும் கரையாத உப்பாக இறுகிவிடும். இட்ட மணிச்சத்தில் முதல் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால் பங்கைத் தாண்டுவதில்லை.

ஆகவே உரத்தைக் கூட்டுவதைவிட இடும் முறையை மாற்றுவதே பயன் தரும். தூவும்போது உரம் முழு நிலத்துச் சுண்ணாம்போடும் கலந்துவிடுகிறது. விதைக்கு ஒரு பக்கமாக, அதைவிட ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வரிசையாக இட்டால், உரம் மண்ணைத் தொடும் பரப்பும் குறைகிறது, இளவேரும் அதை விரைவில் எட்டுகிறது. மணிச்சத்து உரத்தை எக்டேருக்கு 750 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஒரு மாதம் மூடிவைத்து, ஊட்டமேற்றிய தொழுவுரமாக இடுவது மானாவாரிக்கு மிகவும் ஏற்றது. வேரோடு கூடி வாழும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தின் இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவரும். மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியாவையும் இடலாம், ஆனால் அதன் பலன் நிலத்துக்கு நிலம் மாறுவதால், அதை மட்டும் நம்பி உரத்தை நிறுத்திவிட வேண்டாம். குளிரும் வேர்ப் பாதிப்பும்கூட ஊதா நிறத்தைத் தரும் என்பதால், இரண்டு செடிகளைப் பிடுங்கி வேரையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தஞ்சைப் பகுதியில் நெல் நட்ட மூன்றாம் வாரத்தில் இலைகளில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் தோன்றி, பயிர் குட்டையாக நிற்கிறது. துத்தநாகக் குறைபாடு என்கிறார்கள். ஜிங்க் சல்பேட்டை டி.ஏ.பி.யோடு கலந்து இடலாமா?

பதில்: கலக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் துத்தநாகம் எளிதில் கரையாத பாஸ்பேட்டாக மாறிவிடும். நீர் கட்டிய வயலில் காற்று அற்றுப்போவதால், இரும்பு கரையும் வடிவுக்கு மாறி, தன்னோடு பிணைந்திருந்த மணிச்சத்தையும் விடுவிக்கிறது. அதே வெள்ளத்தில் துத்தநாகம் மட்டும் குறைந்துபோகிறது. ஒன்றுக்கு உதவும் தண்ணீரே மற்றொன்றுக்குத் தடையாகிறது! அடுத்த பருவத்தில், சமன் செய்த வயலில் நடவுக்கு முன் எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். அதன்பின் உழ வேண்டாம். இப்போது நிற்கும் பயிருக்கு 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டுடன் 1 சதவீத யூரியா கலந்த கரைசலைத் தெளிக்கலாம்.

கேள்வி: எங்கள் மண் சிவந்த மண். அதிலும் நிலக்கடலைக்கு இரும்புச்சத்துக் குறைபாடு வருமா?

பதில்: வரும். சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடின் நிறம்தான். ஆனால் அது கரையாத துரு. கார அமில நிலை ஒரு அலகு உயர்ந்தால் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அடிமண்ணில் சுண்ணாம்பு இருந்தாலோ பாசன நீரில் பைகார்பனேட் மிகுந்தாலோ, நரம்புகள் பச்சையாகவே இருக்க, இளம் இலைகள் வெளுக்கும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) அத்தகைய மண்ணில் இட்டால் அதுவும் விரைவில் துருவாகிவிடும் என்பதால், 1 சதவீதக் கரைசலாக வெயில் தாழ்ந்த பிறகு இலைமீது தெளியுங்கள். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும், பழுப்பேறிய கரைசலால் பயனில்லை.