பாஸ்கெட்பாலை நிறுத்த வேண்டாம் சார், முதலில் சர்டிபிகேட்டுகளை எடுத்து வையுங்கள்

வணக்கம் சார். போன சனிக்கிழமை பெண்ணோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது நீங்கள் முதலில் கேட்டது இந்தக் கேள்விதான்: "பிளஸ் ஒன் வந்துட்டா, இனிமே பாஸ்கெட்பாலை நிறுத்திடலாமா?" பாப்பா வாயைத் திறக்கவில்லை. வலது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துச் சுற்றியிருந்த வெள்ளை டேப்பின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தாள். விரல் மடங்கிய மறுநாளும் காலை ஐந்தரைக்கு பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள் என்று வருத்தமாகச் சொன்னீர்கள். எனக்கு அதைக் கேட்டதும் நிறுத்தக் கூடாது என்றுதான் தோன்றியது.

நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் நிறையப் பேசினாள். 2024 முழுக்க ஒரு ஆட்டம் விடாமல் பார்த்திருக்கிறாள். பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் இறுதிப்போட்டியில் அமெரிக்கா 67, பிரான்ஸ் 66. கடைசி நொடியில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் போட்ட பந்து கூடைக்குள் போய்விட்டது, ஆனால் கால் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் இரண்டு புள்ளிதான், ஒரு புள்ளியில் தங்கம் போனது. அதை என் மேஜை விளிம்பைக் கோடாக வைத்துக் காட்டினாள். ஆட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற கண் இருக்கிறதே, அது வெறும் ரசிகையின் கண் இல்லை சார்.

ஆனால் அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதிப்போட்டியில் சவுத் கரோலினா 87-75 என்று அயோவாவை வென்றது, அந்த சீசனில் 38 ஆட்டம், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. தோற்ற அயோவா அணியில்தான் இவளுக்குப் பிடித்த கேட்லின் கிளார்க். அந்த ஆட்டத்தைச் சுமார் 1.9 கோடி பேர் பார்த்தார்கள், ஆண்கள் இறுதிப்போட்டிக்கு 1.5 கோடிகூட இல்லை. ஆனாலும் தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிளார்க்குக்கு இண்டியானா ஃபீவர் என்ற அணியில் முதல் வருடச் சம்பளம் சுமார் 76,000 டாலர்தான், விளம்பரப் பணம் தனி. உச்சியில் இருப்பவருக்கே அப்போது லீக் சம்பளம் இவ்வளவுதான். நம் ஊரிலோ வருடம் முழுக்க மாதச் சம்பளம் தருகிற பெண்கள் லீக்கே இல்லை. ஆண்களிலும் அப்படித்தான்: அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடுகிற டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 2015 டிராஃப்டில் 52-ஆவது ஆளாக எடுத்த நம் நாட்டு சத்னாம் சிங், ஏழடிக்கு மேல் உயரம் இருந்தும், அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

சரி, அப்போ எதற்கு ஆட வேண்டும்? அனிதா பால்துரையைப் பாருங்கள். நம்ம சென்னைக்காரர், இந்தியப் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்தவர், ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடியவர், 2021-இல் பத்மஸ்ரீ. தெற்கு ரயில்வேயில் வேலை. குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து 2017-இல் ஆசியக் கோப்பையின் இரண்டாம் நிலைப் பிரிவான டிவிஷன் பி-யில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். நம் நாட்டில் கூடைப்பந்து சோறு போடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்: ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை, போலீஸ். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தையும் சேர்த்து பொறியியல் கலந்தாய்வில் ஸ்போர்ட்ஸ் கோட்டா 500 இடம்.

இதற்கெல்லாம் கேட்பது கோப்பையை இல்லை, காகிதத்தை. மத்திய அரசு வேலைக்கு இந்தியாவுக்காக ஆடினால் ஃபார்ம் 1, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடினால் ஃபார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஃபார்ம் 3, பள்ளிகள் தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 4. அதிகாரம் உள்ளவர் கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால் அது வெறும் தாள். சில வருடம் முன்னால் என்னிடம் ஒரு பையன் வந்தான், நல்ல பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் அணியின் ஆட்டத்தை நடத்துகிற ஆள். அவன் படித்த பள்ளி ஃபார்மில் கையெழுத்து வாங்கித் தராமலே ஒரு வருடம் இழுத்தடித்தது, கலந்தாய்வு நாளில் அவன் கையில் மெடல் மட்டும் இருந்தது. இப்போதும் அது எனக்கு மனசில் உறுத்துகிறது. உங்கள் பெண் தன் மாவட்டப் போட்டி சர்டிபிகேட்டை நாலாக மடித்து ஸ்கூல் டைரிக்குள் வைத்திருக்கிறாள் சார். தேதி எழுதிய இடத்தில் மை கலைந்திருக்கிறது. இந்த வாரமே பி.இ.டி. சாரைப் பார்த்து டூப்ளிகேட்டுக்கு மனு கொடுங்கள்.

அமெரிக்கா போவது பற்றிக் கேட்டீர்கள். போகலாம், ஆனால் அங்கே கல்லூரி விளையாட்டின் உயர்ந்த பிரிவான டிவிஷன் 1 கல்லூரிக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த மார்க்கே முக்கியம், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் போன்றவற்றில் 16 பாடங்களைக் கணக்கில் எடுப்பார்கள். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென ஸ்காலர்ஷிப்பே கிடையாது. "ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றோம், அதுல இத்தனை பர்சென்ட்" என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள், அந்த ஏற்பாடே அவள் தகுதியைக் கெடுத்துவிடும்.

அப்புறம், அவள் எடுத்திருப்பது பயோ-மேத்ஸ், அதை மாற்றவே வேண்டாம். பிசியோதெரபி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இருக்கிற விளையாட்டு அறிவியல் படிப்பு எல்லாவற்றுக்கும் அது உதவும். டிகிரி முடித்த பிறகு ஆசிரியர் ஆக விரும்பினால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கியது. இந்த விளையாட்டே 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்ததுதான், பக்கும் அங்கே படித்தவர்.

நேரம் பற்றி மட்டும் அவளோடு பேசி முடிவெடுங்கள். வாரத்தில் நாலு நாள் காலைப் பயிற்சி, மாடல் எக்ஸாமுக்கு முந்தைய மூன்று வாரம் இரண்டு நாள், இதற்கு அவளே ஒத்துக்கொண்டாள். விரலை ஆர்த்தோவிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள், டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்த சனிக்கிழமை ஃபைலோடு வாருங்கள், பிளாஸ்டிக் கவர் போட்ட ஃபைல், ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு கவர். பாப்பா பயிற்சி முடிந்து அப்படியே வந்தாலும் பரவாயில்லை, என் அறையில் ஃபேன் இருக்கிறது.