கடைசிப் பக்கத்தை அவள் வாசிக்கவில்லை

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் 30 ஆண்டுகளுக்கு மேலாக மெல்பேர்னில் வசிக்கும் யாழ்ப்பாணத்துத் தாய். எனக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு எலும்பு எளிதில் முறியும் நோய். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். படிப்பில் கெட்டிக்காரி. கணக்காளர் வேலை கிடைத்தபோது ஊருக்கெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். போன வருடம் அந்த வேலையை வாரத்துக்கு 2 நாளாகக் குறைத்துவிட்டாள். மேடையில் நகைச்சுவை செய்யப் போகிறாளாம். சமூகத் தொலைக்காட்சி ஒன்றில் நிகழ்ச்சியும் தொகுத்து வழங்குகிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது.

செய்யட்டும். ஆனால் யாரை வைத்துச் சிரிக்க வைக்கிறாள்? என்னை வைத்து! அவளுக்கு எலும்பு முறிந்த ஒவ்வொரு தடவையும் நான் ஒரு நீல அட்டைக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். திகதி, எந்த எலும்பு, எப்படி நடந்தது. வைத்தியர்கள் கேட்பார்கள் என்று தொடங்கியது, 43 முறிவு வரை வந்துவிட்டது. அந்தக் கொப்பியை என் அலுமாரியிலிருந்து எடுத்துப்போய் மேடையில் வாசித்திருக்கிறாள். "இடது தொடை. காரணம்: தும்மல்." "வலது கை. காரணம்: பெரியம்மா கட்டிப்பிடித்தது." சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் நேரில் போகவில்லை, தங்கையின் மகன் கைபேசியில் காட்டினான். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டே நான் எழுதிய வரிகள் அவை.

கோவிலில் கேட்கிறார்கள், "பிள்ளை நல்ல வேலையை விட்டுவிட்டதாமே?" என்று. முன்பெல்லாம் அவளைக் கண்டால் கண் கலங்கி, "பாவம், இந்த உடம்போடு எவ்வளவு சாதிக்கிறாள்" என்பார்கள். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் தொடக்கம் ஸ்டெல்லா யங். இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைக் கலைஞர். அவருக்கும் இதே நோய்தான். 2014 டிசம்பரில் அவர் இறந்தபோது மெல்பேர்ன் நகர மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு மகளை நான்தான் காரில் கூட்டிச் சென்றேன். அஞ்சலிக்குப் போகிறவள் புள்ளி போட்ட சிவப்புச் சட்டையில் வந்து நின்றாள். கேட்டால், ஸ்டெல்லாவுக்குப் புள்ளிச் சட்டைதான் பிடிக்கும் என்றாள்.

வேலைதான் என் பெரிய கவலை. நிரந்தர வருமானத்தை விட்டுவிட்டு, இரவு 11 மணிக்கு மதுக்கூடங்களில் மைக் பிடிக்க வேண்டுமா? என்னைக் கேட்காமல் கொப்பியை எடுத்ததும் இன்னும் ஆறவில்லை. நல்லவேளை, கடைசிப் பக்கத்தை அவள் வாசிக்கவில்லை. அதில் ஸ்டெல்லாவின் பெயரும் 32 என்ற எண்ணும் மட்டும் எழுதியிருந்தேன். அந்த வயதில்தான் அவர் போனார். மகளுக்கு வரும் ஆவணியில் 32 ஆகிறது. அது கிடக்கட்டும். முழுநேர வேலைக்குத் திரும்பும்படி அவளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

ஒரு தாய், மெல்பேர்ன்

அன்புள்ள சகோதரிக்கு,

"அது கிடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கிடக்க விட எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கும் கோவிலுக்கும் மதுக்கூடத்துக்கும் வரி வரியாக எழுதிவிட்டு, ஆவணி மாதத்தை ஓரத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். மகள் நாளைக்கே முழுநேர வேலைக்குத் திரும்பினாலும் அந்தப் பயம் இம்மியும் குறையாது.

43 முறிவுகளையும் புரட்டியவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டாள் என்று உண்மையாகவே நம்புகிறீர்களா? பார்த்திருப்பாள். பார்த்த பிறகு, மேடையில் அதை வாசிக்கக்கூடாது என்று முடிவு செய்திருப்பாள். தும்மலையும் பெரியம்மாவையும் சபைக்குக் கொடுத்தவள், உங்கள் பயத்தை மட்டும் யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருக்கிறாள். அம்மாவை வைத்துப் பிழைக்கும் மகளின் செயலாக இது எனக்குத் தெரியவில்லை.

கேட்காமல் எடுத்தது தவறு. அதை அவளிடம் நேரே சொல்லுங்கள். ஆனால் அந்தக் கொப்பியில் கண்ணீர் உங்களுடையது என்றால் எலும்பு அவளுடையது. அந்தக் கதையை அழுது சொல்வதா, சிரித்துச் சொல்வதா என்று தீர்மானிக்க அவளுக்கும் உரிமை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அவளைக் கண்டு சிரித்தவர்கள் மீது உங்களுக்குக் கோபம். "பாவம்" என்றவர்கள் மீது கோபமே இல்லை, அது நின்றுபோனதில் ஒரு வருத்தம்கூடத் தெரிகிறது. ஸ்டெல்லா யங்குக்கு 15 வயதானபோது, உள்ளூர்ச் சாதனையாளர் விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்க விரும்புவதாக ஒருவர் பெற்றோரிடம் வந்தார். மகள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்றார்கள் அவர்கள். நான் பல தடவை நினைத்துப் பார்த்த பெற்றோர் அவர்கள். பிறகு அவர் ஆசிரியராகப் பாடம் நடத்தியபோது, வகுப்பு தொடங்கி 20 நிமிடம் கழித்து ஒரு மாணவன் கை தூக்கி, "உங்கள் பேச்சை எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேட்டான். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஊக்கப் பேச்சுத்தான் பேசுவார் என்பது அவன் அறிந்த உலகம். உங்கள் மகள் மேடை ஏறுவது அந்த உலகத்திலிருந்து வெளியே வரத்தான். "எவ்வளவு சாதிக்கிறாள்" என்று கண் கலங்கியவர்களுக்கு அவளுடைய ஒரு பகிடியாவது நினைவிருக்குமா?

இனி 32க்கு வருகிறேன். ஸ்டெல்லா இறந்தது யாரும் எதிர்பாராத நேரத்தில்தான். ஆனால் இந்த நோய்க்குப் பெயர் ஒன்றென்றாலும் வகைகள் பல. கடுமையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இதே நோயோடு முதுமை வரை வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் போன வயதை இன்னொருவருக்குக் கெடுவாக வைக்க எந்த மருத்துவமும் சொல்லவில்லை. உங்கள் மகளின் நிலை என்ன என்பதை அவளுடைய வைத்தியரிடம் கேளுங்கள், அவளையும் அருகில் வைத்துக்கொண்டு.

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எழுத வேறு எண்களும் இருக்கின்றன, சகோதரி. தன் ஊரான ஸ்டாவெலின் கடைத்தெருவில் எந்தெந்தக் கடைக்குள் சக்கர நாற்காலி நுழைய முடியும் என்று அவர் கணக்கெடுத்தபோது வயது 14. மெல்பேர்ன் சமூகத் தொலைக்காட்சியான சேனல் 31இல் 'நோ லிமிட்ஸ்' நிகழ்ச்சியை 8 பருவங்கள் தொகுத்து வழங்கினார். 2011இலிருந்து ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின், மாற்றுத்திறனாளிகள் பற்றிய 'ராம்ப் அப்' இணையதளத்துக்கு ஆசிரியராக இருந்தார். 2014இல் மெல்பேர்ன் சர்வதேச நகைச்சுவை விழாவில் தனி நிகழ்ச்சி நடத்திச் சிறந்த புதுமுகத்துக்கான விருதை வாங்கினார். இன்னோர் எண் 80. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் வெளியான கடிதம் ஒன்றை அவர் 80 வயது ஸ்டெல்லாவுக்கு எழுதியிருந்தார். தன் உடம்பை நன்றாக அறிந்த பெண், அவ்வளவு தூரத்தில் இருக்கும் கிழவியோடு உட்கார்ந்து கதை பேசியிருக்கிறார். அந்த வயதை அவர் எட்டவில்லை என்பதால் அந்தக் கடிதம் பொய்யாகிவிட்டது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பிழைப்பு நடக்குமா என்ற கேள்வியும் நியாயமானதுதான். வலது பாதம் இல்லாமல் பிறந்த ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஆடம் ஹில்ஸ், 2012 லண்டன் பாராலிம்பிக் போட்டிகளின்போது பிரிட்டனின் சேனல் 4இல் தொடங்கிய இரவு நிகழ்ச்சியால் பெரும்புகழ் பெற்றார். எல்லோருக்கும் அப்படி அமையாது. அது உங்கள் மகளுக்கும் தெரியும். அதனால்தான் அந்த 2 நாள் வேலையை விடாமல் வைத்திருக்கிறாள். கணக்குப் படித்த பிள்ளை அல்லவா?

ஆவணிக்கு முன் அந்தக் கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தை நீங்களே அவளிடம் திறந்து காட்டுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். வேலையைப் பற்றி அன்றைக்கு ஒரு சொல்லும் பேச வேண்டாம். அவளும் அதே பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கக்கூடும். இருவரும் அழுதால் அழுங்கள்.

அவளுடைய அடுத்த நிகழ்ச்சி எந்தத் திகதியில் என்று நீங்கள் எழுதவில்லை. அவளிடம் கேளுங்கள். கைபேசியில் பார்த்தது போதும், இந்தத் தடவை நேரில் போங்கள்.