பென்டிரைவ் போட்டாச்சு, ஓ.எஸ். ஏறவில்லை: கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "மெதுவாகிவிட்டது, ஃபார்மட் அடித்துக் கொடுங்கள்" என்று வருபவர்கள் ஒரு ரகம். "நானே அடித்துப் பார்த்தேன், பாதியில் நிற்கிறது" என்று வருபவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகம்தான் எனக்குப் பிடித்தமானது. பென்டிரைவிலிருந்து விண்டோஸ் மாதிரியான ஓ.எஸ். போடும்போது வரும் சிக்கல்களைக் கேள்விகளாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எல்லோருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, ஓ.எஸ். இல்லாமல் விலை குறைவாகக் கிடைத்ததே என்று புது லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ் 11 போட உட்கார்ந்தால், எந்த டிரைவில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கிறது. உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி. டிஸ்க் போய்விட்டதா?

போகவில்லை தம்பி. முதலில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். அங்கே எஸ்.எஸ்.டி.யின் பெயரும் அளவும் தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில், டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவே வி.எம்.டி. என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அதோடு பேச விண்டோஸுக்கு வேண்டிய டிரைவர் என்ற சிறு நிரல் பல நேரம் பென்டிரைவில் இருப்பதில்லை. அதனால் இன்ஸ்டால் செய்யும் நிரலின் கண்ணுக்கு டிஸ்க் தெரிவதில்லை.

வழி இரண்டு. உங்கள் மாடலுக்கான ரேபிட் ஸ்டோரேஜ் என்ற அந்த டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி, வேறு சிஸ்டத்தில் அதைப் பிரித்து, உள்ளே ஐ.என்.எஃப். கோப்பு இருக்கும் ஃபோல்டரை அதே பென்டிரைவில் போடுங்கள். பிறகு அந்தக் காலிப் பட்டியலுக்குக் கீழே "லோட் டிரைவர்" என்று இருப்பதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பிரிக்காமல் செட்டப் கோப்பை அப்படியே போட்டால் வேலைக்கு ஆகாது. பாதிப் பேர் சறுக்குவது இதில்தான். இரண்டாவது வழி, பயாஸில் வி.எம்.டி.யை அணைப்பது. டிஸ்க் காலியாக இருப்பதால் நீங்கள் தாராளமாக அணைக்கலாம். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் அணைத்தால் அது பூட் ஆகாமல் நீலத் திரை காட்டும்.

காசிமேடு, மீன் ஏற்றுமதிக் கடையில் கணக்கு எழுதுபவர்: நூறு சதவீதம் முடிந்து ரீஸ்டார்ட் ஆகிறது. ஆனால் மறுபடியும் மொழியைத் தேர்வு செய் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மூன்று முறை ஆகிவிட்டது.

முதல் ரீஸ்டார்ட்டில் திரை கறுத்ததும் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். அவ்வளவுதான். பூட் வரிசையில் பென்டிரைவ் முதலில் இருப்பதால் சிஸ்டம் திரும்பத் திரும்ப அதையே படிக்கிறது.

திருவொற்றியூர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்: தம்பி, 2019இல் அசெம்பிள் செய்த சிஸ்டம். ஹார்ட் டிஸ்க் மட்டும் அதற்கு முந்தைய சிஸ்டத்திலிருந்து கழற்றி மாட்டியது. விண்டோஸ் 11 போடும்போது, இந்த டிஸ்க்கில் எம்.பி.ஆர். பார்ட்டிஷன் இருக்கிறது, ஜி.பி.டி. டிஸ்க்கில்தான் போட முடியும் என்று வருகிறது. பேத்தியின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஐயா, எதையும் செய்வதற்கு முன்பே அந்தக் கடைசி வரியைச் சொன்னீர்களே, அதுவே நல்லது. படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றும் வரை இந்தச் சிஸ்டத்தில் எதையும் தொடாதீர்கள்.

விஷயம் இதுதான். டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறோம் என்று எழுதி வைக்கும் கணக்குப் புத்தகத்தில் பழைய முறை எம்.பி.ஆர்., புதிய முறை ஜி.பி.டி. உங்கள் மதர்போர்டு யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய பயாஸ் முறையில் பூட் ஆகிறது. அந்த முறையில் பூட் ஆனால் ஜி.பி.டி. டிஸ்க்கில் மட்டுமே விண்டோஸ் ஏறும். டிஸ்க் பழைய வீட்டிலிருந்து வந்ததால் பழைய புத்தகத்தோடு வந்திருக்கிறது.

டேட்டா போகாமல் மாற்ற, விண்டோஸிலேயே எம்.பி.ஆர்.டு.ஜி.பி.டி. என்று ஒரு கருவி உண்டு. ஆனால் நம் ஊரில் ஹார்ட் டிஸ்க் வாங்கியதும் சி, டி, இ, எஃப் என்று நான்காக வெட்டிவிடுவோம் அல்லவா? அப்படி வெட்டியவற்றில் பெரும்பாலும் ஒரு எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (பல டிரைவ்களை உள்ளே அடக்கிய பகுதி) இருக்கும். அது இருந்தால் இந்தக் கருவி முடியாது என்று கைவிரித்துவிடும். பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தெரியும், யு.இ.எஃப்.ஐ. என்று போடாத பெயரைத் தேர்வு செய்தால் பழைய டிஸ்க்கிலேயே ஏறிவிடும் என்று யாராவது சொல்வார்கள். விண்டோஸ் 10க்கு அது சரி. விண்டோஸ் 11 போட யு.இ.எஃப்.ஐ. கட்டாயம் என்பதால், படங்களை வெளியே எடுத்துவிட்டுச் சுத்தமாக அழிப்பதே ஒழுங்கான வழி.

படங்களை எடுத்தபின், இன்ஸ்டால் திரையில் ஷிஃப்டும் எஃப் 10ம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு ஜன்னல் திறக்கும். டிஸ்க்பார்ட் என்று அடித்து, லிஸ்ட் டிஸ்க் கொடுங்கள். எந்த எண்ணில் எத்தனை ஜி.பி. என்று வரும். சரியான எண்ணை செலக்ட் டிஸ்க் கட்டளையோடு அடித்து, க்ளீன், பிறகு கன்வெர்ட் ஜிபிடி. முடிந்தது. க்ளீன் கட்டளை "நிச்சயமா?" என்று கேட்கவே கேட்காது. எண்டர் தட்டினால் போச்சு.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், நானே ஒருமுறை எண்ணை மாற்றி அடித்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரின் சிஸ்டம். அவருடைய எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே 1 டி.பி. அளவு. ரெகவரி செய்து முக்கால்வாசியை மீட்பதற்குள் நான்கு நாள் தூக்கம் போனது. அன்றிலிருந்து, விண்டோஸ் போடப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றி மேஜைமேல் வைத்த பிறகுதான் பென்டிரைவைக் கையில் எடுப்பேன்.

பெரம்பூர், வீட்டிலிருந்து வேலை செய்பவர்: கோப்புகளைக் காப்பி செய்யும்போது நின்றுவிடுகிறது. ஒருமுறை 37 சதவீதம், ஒருமுறை 62, ஒருமுறை 14.

நல்லவேளை எண்களைக் குறித்து வைத்தீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நான் பென்டிரைவையோ இறக்கிய கோப்பையோ சந்தேகப்படுவேன். இடம் மாறி மாறி நின்றால் பெரும்பாலும் ராம் (நினைவகப் பலகை). அடுத்தபடியாக டிஸ்க்கின் கேபிள் அல்லது சூடு. ராம் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை வைத்து. கழற்றும்போதே அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் சிஸ்டங்களில் உப்புக் காற்றின் வேலையை நான் அடிக்கடி பார்க்கிறேன். ரப்பர் தேய்த்த கையோடு சரியானவை நிறைய. அதற்கும் அடங்காவிட்டால் மெம்டெஸ்ட்86 என்ற நிரலைப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்த ராமை மாற்றியாக வேண்டும்.

பென்டிரைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 64 ஜி.பி. என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே 8 ஜி.பி. கூட இல்லாத போலிகள் நடைபாதையில் சல்லிசாகக் கிடைக்கின்றன. காப்பி ஆனதுபோலக் காட்டும். படிக்கும்போது கோப்பு உடைந்திருக்கும்.

எம்.கே.பி. நகர், பள்ளி ஆசிரியை: விண்டோஸ் ஏறிவிட்டது. ஆனால் வைஃபை இல்லை, நெட் இல்லாமல் அடுத்த கட்டத்துக்கும் போக மறுக்கிறது.

போனை யு.எஸ்.பி. கேபிளில் சொருகி, போனில் யு.எஸ்.பி. டெத்தரிங்கை ஆன் செய்யுங்கள் டீச்சர். நெட் வந்துவிடும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட் கொடுத்தால் வைஃபை டிரைவர் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

தண்டையார்பேட்டை, ஜெராக்ஸ் டி.டி.பி. கடை நடத்துபவர்: தம்பி, தெரிந்த பையன் ஒருவன் ஃபார்மட் செய்து கொடுத்தான். டி டிரைவில் இருந்த மனுக்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் திறந்தால் தமிழுக்குப் பதில் கிறுக்கலாக ஆங்கில எழுத்துகள். டெஸ்க்டாப்பில் வைத்திருந்தவற்றைக் காணவே காணோம்.

அக்கா, முதல் பாதிக்கு நல்ல செய்தி. கோப்பு கெடவில்லை, ஃபாண்ட்தான் போய்விட்டது. வானவில் அவ்வையார் மாதிரியான பழைய ஃபாண்ட்கள், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருப்பவை. ஃபாண்ட் இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். பழைய சி.டி.யிலிருந்தோ அதே உரிமம் உள்ள உங்கள் இன்னொரு சிஸ்டத்திலிருந்தோ ஃபாண்டைத் திரும்ப ஏற்றுங்கள், தமிழ் வந்துவிடும். இனி எழுதுவதை, தமிழ் எழுத்துக்கே தனி எண் தரும் யுனிகோடில் எழுதுங்கள். 2010இலேயே தமிழக அரசு யுனிகோடைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ் 99 விசைப்பலகை பழக்கமில்லையே என்று கவலைப்பட வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு நிரலில் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே யுனிகோடு அடிக்கலாம்.

இரண்டாவது பாதி கஷ்டம். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர். சி போனால் அதுவும் போகும். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் அப்படித்தான். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் சிஸ்டத்தை இப்போதே அணைத்துவிட்டு ரெகவரிக்குக் கொண்டுபோங்கள், கொஞ்சம் கிடைக்கும். எஸ்.எஸ்.டி. என்றால் ஆசை வைக்காதீர்கள். அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். அந்தப் பையனைத் திட்ட வேண்டாம், ஆனால் டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ராயபுரம், பெயர் வேண்டாம் என்றவர்: 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டப்படுகிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகம். போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைஸ் பகுதியில் ரெகவரி கீயைத் தேடுங்கள். எண் கிடைக்கவில்லை, உள்ளே இருப்பதும் தேவையில்லை என்றால், பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம். தேவை என்றால் அந்த எண்ணைத் தவிர வேறு வழியில்லை. உடைத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

கொடுங்கையூர், சின்னக் கடை வைத்திருப்பவர்: மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜி.பி. ராம். விண்டோஸ் 10க்கு ஆயுசு முடிந்தது என்கிறார்கள். குறுக்கு வழியில் 11 போட்டுத் தருவீர்களா?

போட முடியும், ஆனால் போட்டுத் தர மாட்டேன் அண்ணே. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது உண்மைதான். 11க்கு இன்டெல் 8ஆம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஏமாற்றிப் போட்டாலும் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டி லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓ.எஸ். போடுங்கள். பில் அடிக்க, மெயில் பார்க்க, படம் பார்க்க அது போதும். டாலி கணக்கு மென்பொருள் ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் பேச்சு வேறு, அது விண்டோஸ் கேட்கும். லினக்ஸா என்று பயப்பட வேண்டாம். பாஸ் என்ற இந்திய லினக்ஸைச் செய்ததே சென்னையில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்தான்.

எண்ணூர்: புதிதாகப் போட்ட விண்டோஸில் எந்த இணையதளமும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லை என்கிறது.

மூலையில் தேதியைப் பாருங்கள், அது தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று சிஸ்டம் நினைத்துக்கொள்ளும். பழைய வருடம் காட்டினால், போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றிவிட்டு பயாஸில் பூட் முறையையும் ஒருமுறை சரிபாருங்கள், அதுவும் பழையபடி மாறியிருக்கும்.

புளியந்தோப்பு: லேப்டாப்பைக் கடைக்கே கொண்டு வந்துவிடலாமா?

வாருங்கள். சார்ஜரையும் எடுத்து வாருங்கள்.