டெக் கட்டுவதற்குக் கடன் எடுக்கலாமா?

கேள்வி (2025 ஒக்ரோபர்): ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு. சமையலறைக் கதவு பின்வளவுத் தரையிலிருந்து 32 அங்குல உயரத்தில் இருக்கிறது. 12 அடிக்கு 16 அடி டெக் (வெளி மரத்தளம்) போட, மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த கொம்பொசிற் பலகையோடு 17,000 டொலரும் எச்.எஸ்.ரி. எனும் விற்பனை வரியும் கேட்கிறார் கொன்ராக்டர். பாதி முற்பணமாம், காசாகத் தந்தால் வரி வேண்டாமாம். ரி.எஃப்.எஸ்.ஏ. எனும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 24,000 டொலர் இருக்கிறது, வேறு சேமிப்பு இல்லை. மாதச் செலவு 5,500, மிஞ்சுவது 600. 2021இல் 1.9 வீதத்துக்கு எடுத்த மோட்கேஜை (வீட்டுக்கடனை) 2026 செப்ரெம்பரில் புதுப்பிக்க வேண்டும். வீட்டை ஈடாக வைத்து எடுக்கும் ஹீலொக் கடனில் பணம் எடுத்துக் கட்டலாமா?

பதில்: கட்டுங்கள், ஆனால் கடனில் வேண்டாம். வரியோடு 19,210 டொலர் வருகிற இந்தத் திட்டம் உங்கள் கைக்கு இப்போது பெரியது.

மூன்று மாதச் செலவான 16,500 டொலரைத் தொடாதீர்கள். மோட்கேஜ் தவணை ஏறப்போகும் ஆண்டில் அது இன்னும் அவசியம். மிச்சம் 7,500. நவம்பரிலிருந்து ஜூன் வரை மாதம் 600 சேர்த்தால் இன்னொரு 4,800. ஆக, 12,300. தோண்டும்போது பாறையோ பழைய வேரோ வந்தால் சமாளிக்க அதில் 1,230ஐ ஒதுக்கிவையுங்கள். அப்படியானால் ஒப்பந்தமும் நீங்கள் வாங்கும் பொருளும் சேர்ந்து, வரிக்கு முன் 9,800 டொலருக்குள் நிற்க வேண்டும்.

இப்போதே கட்டுவதென்றால், 19,210இல் அந்த 7,500 போகக் குறையும் 11,710ஐ ஹீலொக்கில் எடுத்து, 7 வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டியை மட்டும் கட்டினால் மாதம் 68 டொலர்தான். சின்னத் தொகையாகத் தெரியும். ஐந்து ஆண்டில் 4,100 டொலர் கட்டிய பிறகும் கடன்தொகையில் ஒரு சதமும் குறைந்திராது. வட்டி வீதமும் வங்கியின் அடிப்படை வட்டியான பிரைம் வீதத்தோடு ஏறி இறங்கும்.

செலவைக் குறைக்க முதலில் பலகையை மாற்றுங்கள். கொம்பொசிற்றுக்குப் பதில் அழுகாமல் மருந்தேற்றிய பிரஷர் ட்றீற்றட் மரம் போதும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டெயின் (மரச்சாயம்) அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அத்திவாரம், சட்டகம், படி, றெயிலிங் கொன்ராக்டரிடம் இருக்கட்டும். மேல்பலகையை நீங்களே அடியுங்கள். ஐந்தரை அங்குல அகலப் பலகை 27 வரிசை வரும். 16 அடிப் பலகை 30 வாங்குங்கள். 16 அங்குலத்துக்கு ஒன்றாக 13 ஜொயிஸ்ற் (பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு திருகாணி என்றால் 702. 800 வாங்கினால் சரி. பலகை ஈரமாக வந்தால் இடைவெளி விடாமல் ஒட்டி அடியுங்கள், காய்ந்து சுருங்கும்போது இடைவெளி தானாக வரும். திருகாணி ட்றீற்றட் மரத்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். மரத்திலுள்ள செம்பு சாதாரண இரும்பை அரித்துவிடும். இதற்குப் பிறகும் விலை அதிகமென்றால் நீளத்தை 12 அடியாக்குங்கள். ஆனால் பரப்பு கால்வாசி குறைந்தாலும் விலை கால்வாசி குறையாது. படி, அனுமதி, தோண்டும் கூலி எல்லாம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

அத்திவாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இங்கே உறைபனிக்குக் கீழே போக 4 அடி ஆழம் வேண்டும். மேற்பரப்பில் கல் வைத்துக் கட்டினால் களிமண் குளிரில் உறைந்து தூக்கும், வசந்தத்தில் இறக்கும். சில ஆண்டில் டெக் கோணும். தூணுக்காகக் கொங்கிறீற் ஊற்றும் 12 அங்குலக் குழாய் ஒன்றுக்கு 30 கிலோ கொங்கிறீற் பை ஏழு. ஆறு தூணுக்கு 42 பை. விலைப்பட்டியலில் 20 பை என்றிருந்தால் காரணம் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வெளிச்சுவர் செங்கல் என்றால், பெரும்பாலும் அது முகப்புக்கு நிற்பது மட்டுமே. டெக்கின் பாரத்தை அதில் ஏற்றக் கூடாது. டெக் தன் தூண்களிலேயே நிற்கட்டும். வீட்டோரத் தூண்களைக் கவனியுங்கள்: அங்கே இருப்பது வீடு கட்டியபோது திரும்ப நிரப்பிய மண், 4 அடி தோண்டினாலும் அமுங்கலாம். அந்த இடத்துக்கு ஹெலிக்கல் பைல் எனும் திருகுத்தூண் நல்லது.

உங்கள் டெக் 24 அங்குலத்துக்கு மேல், ஆகவே நகரசபை அனுமதி வேண்டும், 900 மில்லிமீற்றர் றெயிலிங்கும் வேண்டும். கம்பிகளுக்கு இடையே 100 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அனுமதியில்லாமல் கட்டினால் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சட்டத்தரணி அதைத்தான் பிடிப்பார்.

வரியில்லாமல் காசாகக் கொடுத்தால் 2,210 டொலர் மிச்சம், கையில் ஒரு தாளும் இராது. டெக் கோணினால் யாரிடம் போவீர்கள்? எழுத்து ஒப்பந்தம், பொறுப்புக் காப்புறுதி, டபிள்யூ.எஸ்.ஐ.பி. (தொழிலாளர் விபத்துக் காப்புறுதி) சான்று மூன்றையும் கேளுங்கள். பாதி முற்பணம் கொடுக்கவே வேண்டாம். கையெழுத்திடும்போது 10 வீதம், கொங்கிறீற் ஊற்றுமுன் நகரசபை இன்ஸ்பெக்டர் குழியைப் பார்த்துச் சரி சொன்னதும் 30, சட்டகம் நின்றதும் 30, வேலை முடிந்ததும் 20 என்று எழுதுங்கள். கடைசி 10 வீதத்தை 60 நாள் பிடித்துவையுங்கள். ஒன்ராறியோ கட்டுமானச் சட்டமே பிடித்துவைக்கச் சொல்கிறது. கொன்ராக்டர் மரக்கடைக்குக் காசு கொடுக்காவிட்டால் அந்தக் கடை உங்கள் வீட்டின் மீதே உரிமை கோரலாம்.

ரி.எஃப்.எஸ்.ஏ.யில் மீதி இடம் (பணம் போடக்கூடிய வரம்பு) இல்லாவிட்டால், அந்த 7,500ஐ டிசம்பர் 31க்கு முன் எடுத்துச் சாதாரண சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அந்த இடம் ஜனவரி 1இலேயே திரும்பக் கிடைக்கும். ஜூனில் எடுத்தால் 2027 வரை காத்திருக்க வேண்டும். அதற்குமுன் இடமில்லாமல் திருப்பிப் போட்டால் மாதத்துக்கு ஒரு வீதம் அபராதம்.