மாநிலவாசிக் கட்டணம்: பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த மாநிலத்தைச் சேர்ந்த மாணவருக்கு மாநிலவாசிக் கட்டணம் என்ற ஒரு கட்டணமும் பிறருக்கு அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு கட்டணமும் இருப்பதை எல்லோரும் அறிவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2025 இலையுதிர் பருவத்தில் சேர்ந்த வெளிமாநில இளநிலை மாணவர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,602 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு இது ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். ஒரு பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வசிப்பிட விண்ணப்பங்களைப் பரிசீலித்தவன் என்ற முறையில், நம் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தகுதி இருந்தும் காகிதம் இல்லாத காரணத்தால் மறுக்கப்பட்ட கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தமே இதை எழுதத் தூண்டியது.

கேள்வி (டாலஸிலிருந்து ஒரு தந்தை): ஐயா, நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், மகள் என்னைச் சார்ந்தவள் என்ற முறையில் எச்-4 விசாவில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். கிரீன் கார்டு வரும் வரை அவளுக்கு மாநிலவாசிக் கட்டணம் கிடைக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையன்று. கிரீன் கார்டு இருந்தால்தான் மாநிலவாசி என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை நம்பி விண்ணப்பப் படிவத்திலேயே தம்மை வெளிமாநிலத்தவர் என்று குறித்துவிட்ட பெற்றோரையும் நான் அறிவேன். சட்டம் பார்ப்பது, ஒருவர் அந்த மாநிலத்தை நிலையான இருப்பிடமாகக் கொள்ள அவருடைய விசா இடம் தருகிறதா என்பதைத்தான். எச்-1பி விசாவில் வந்தவர் இங்கேயே தங்கிவிடும் எண்ணம் வைத்திருக்கலாம் என்பதை 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் குடும்பத்தாருக்கும் அது பொருந்தும். ஆகவே டெக்சஸ், கலிஃபோர்னியா, வர்ஜீனியா உட்படப் பல மாநிலங்களில் எச்-1பி பெற்றோரின் பிள்ளைகள் மாநிலவாசிகளாக ஏற்கப்படுகிறார்கள்.

டெக்சஸில் உங்கள் மகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பருவத்தின் கணக்கெடுப்பு நாளுக்கு (சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கையைப் பல்கலைக்கழகம் அதிகாரபூர்வமாகப் பதியும் நாள்) முந்தைய 12 மாதங்கள் பெற்றோரில் ஒருவர் அம்மாநிலத்தை நிலையான இருப்பிடமாகக் கொண்டிருப்பது. வேலையோ சொந்த வீடோ இதற்குச் சான்றாகும். இரண்டாவது, பள்ளி முடிப்பதற்கு முன் 36 மாதங்கள் தொடர்ந்து அம்மாநிலத்தில் வசித்து, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியிலேயே பட்டம் பெற்று, கணக்கெடுப்பு நாளுக்கு முந்தைய 12 மாதங்களும் அங்கேயே இருப்பது. இரண்டுக்கும் அவள் தகுதி பெற்றிருந்தால் இரண்டுக்குமான ஆவணங்களையும் சேர்த்து வையுங்கள். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி (ஆஸ்டினிலிருந்து ஒரு தாய்): எங்கள் மகனுக்கு அடுத்த ஆண்டு 21 வயது நிறைகிறது. கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணம் கூடிவிடுமா? இரவில் உறக்கமே இல்லை.

பதில்: அம்மா, இந்தியக் குடும்பங்களை மிகவும் வாட்டும் கேள்வி இதுதான். குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளை, 21ஆம் பிறந்தநாளன்று எச்-4 தகுதியை இழந்து சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு மாணவனாகிவிடுவது கொடுமைதான். முதலில், 2002ஆம் ஆண்டின் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிரீன் கார்டுக்கான அவனுடைய வயதைக் கணக்கிடச் சொல்லி உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்கள் நிறுவனம் தாக்கல் செய்த கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்த நாள்கள் வயதிலிருந்து கழிக்கப்படும் என்பதால், சிலருக்குச் சில மாத அவகாசம் கிடைப்பதுண்டு.

அவகாசம் இல்லாமல் எஃப்-1க்கு மாறவே நேர்ந்தால், அந்த விசா ஒருவரை நிலையான இருப்பிடம் அமைக்க அனுமதிப்பதில்லை. எனவே பெற்றோரின் இருப்பிடத்தை வைத்துப் பெற்ற தகுதி கேள்விக்குள்ளாகலாம். 36 மாதப் பள்ளி வழி முக்கியமாவது இங்கேதான். அது விசா வகையைச் சாராமல் பள்ளிப்படிப்பைச் சார்ந்து நிற்கிறது. 2025 ஜூனில் ஒரு கூட்டரசு நீதிமன்றம் சட்டபூர்வ அனுமதியின்றி இருப்பவர்களுக்கு அவ்வழி செல்லாது என்று தடுத்தது. சட்டபூர்வமான விசாவில் இருப்பவர்களை அந்தத் தடை குறிப்பிடவில்லை. ஆகையால் விசா மாறுவதற்கு முன்பே, எந்த வழியில் தகுதி பெற்றிருக்கிறான், மாற்றத்துக்குப் பிறகும் அது தொடருமா என்று பதிவாளர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துவடிவில் பதில் பெற்று வையுங்கள். தொலைபேசியில் ஒருவர் கனிவாகச் சொன்ன சொல்லை அடுத்த பருவத்தில் எவரிடமும் காட்ட முடியாது.

கேள்வி (சிகாகோவிலிருந்து ஒரு தந்தை): பக்கத்து மாநிலமான மிச்சிகனில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு சிறு வீடு வாங்கி, அந்த முகவரியில் அவளைக் குடியமர்த்தினால் ஓராண்டுக்குப் பிறகு மாநிலவாசி ஆகிவிடுவாள்தானே?

பதில்: இல்லை. வீடு வாங்குவது நல்ல முதலீடாக இருக்கலாம். கட்டணத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர் பெரும்பாலோர் 12 மாதங்கள் என்ற கணக்கையே முழுச் சட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். நாள் கணக்கு பாதிதான். மறுபாதி, எதற்காக அந்த மாநிலத்துக்கு வந்தார் என்பது. படிப்பதற்காக வந்தவர் எத்தனை ஆண்டுகள் தங்கினாலும் படிக்க வந்தவராகவே கருதப்படுவார் என்பது ஏறக்குறைய எல்லா மாநிலங்களின் நிலைப்பாடு. கல்வி நோக்கத்துக்குத் துணையாகச் செய்யப்படும் செயல்கள் பொதுவாக இருப்பிடத் தகுதியைத் தரமாட்டா என்று வர்ஜீனியாவின் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. மேலும் உங்கள் மகள் உங்களைச் சார்ந்திருப்பவள்; வருமான வரிப் படிவத்தில் நீங்கள் அவளைச் சார்ந்தோராகக் காட்டுகிறீர்கள்; நீங்களோ இல்லினாயில் வேலை செய்து அங்கேயே வரி செலுத்துகிறீர்கள். சார்ந்திருக்கும் பிள்ளையின் இருப்பிடம் பெற்றோரின் இருப்பிடமே. இந்த அடிப்படையை ஒரு பத்திரப்பதிவு மாற்றிவிடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாணவராக வந்தவர் ஒருபோதும் மாநிலவாசி ஆகவே முடியாது என்று ஒரு மாநிலம் கதவை அடைத்துவிடவும் இயலாது. கனெக்டிகட் மாநிலம் அப்படித்தான் ஒரு சட்டம் இயற்றியது. விண்ணப்பித்த காலத்து முகவரியை வைத்து, படிப்பு முடியும் வரை ஒருவரை வெளிமாநிலத்தவர் என்றே அச்சட்டம் கருதியது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்து, கனெக்டிகட்காரரை மணந்து, அங்கேயே ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவும் வாக்காளர் பதிவும் வைத்திருந்த மார்கரெட் கிளைன் என்ற மாணவி அதை எதிர்த்தார். 1973இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மெய்யான வசிப்பை நிரூபிக்க ஒருவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றது. அதே தீர்ப்பு, உண்மையான குடியிருப்பாளரையும் படிப்புக்காக மட்டும் வந்தவரையும் பிரித்தறிய மாநிலங்கள் நியாயமான அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டது. இன்றுள்ள விதிகள் அனைத்தும் இந்த இரு கரைகளுக்கு நடுவில் ஓடுகின்றன.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு மாணவர்): எம்.எஸ். படிக்க எஃப்-1 விசாவில் செல்லவிருக்கிறேன். முதல் ஆண்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வைத்திருந்தால் இரண்டாம் ஆண்டு கட்டணம் குறையும் என்று ஓர் ஆலோசகர் கூறினார்.

பதில்: தம்பி, அந்த வாக்கை நம்பிக் கல்விக் கடனைக் குறைத்து வாங்கிவிடாதீர்கள். சொந்த நாட்டில் கைவிட எண்ணாத ஓர் இருப்பிடம் தமக்கு உண்டு என்று உறுதி கூறுபவருக்குத்தான் எஃப்-1 விசா வழங்கப்படுகிறது. தூதரகத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, பல்கலைக்கழகத்தில் இம்மாநிலமே என் நிலையான இருப்பிடம் என்று எழுதினால் ஒரு கூற்று மற்றொன்றைப் பொய்யாக்கும். உங்களுக்குரிய வழி ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பணி. அப்பணியில் இருப்பவருக்குப் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை நீக்குகின்றன, அல்லது மாநிலவாசிக் கட்டண அளவுக்குக் குறைக்கின்றன. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்வதானால், போட்டி அடிப்படையில் வழங்கப்படும் 1,000 டாலருக்குக் குறையாத உதவித்தொகை ஒன்றைப் பெற்றால் வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் மாநிலவாசிக் கட்டணமே விதிக்கும் ஏற்பாடு உண்டு. துறைக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்): என் அண்ணன் கலிஃபோர்னியாவில் இருபது ஆண்டுகளாக இருக்கிறார். மகன் மாமா வீட்டில் தங்கிப் படித்தால் போதுமா? அண்ணனைச் சட்டப்படி பாதுகாவலராக நியமிக்கலாமா?

பதில்: மாமா வீட்டில் தங்கினால் சாப்பாட்டுக்கும் அன்புக்கும் குறைவிருக்காது, கட்டணம் மட்டும் குறையாது. பெற்றோர் உயிருடன் வேறு மாநிலத்தில் இருக்கையில், கட்டணத்துக்காக ஏற்படுத்தப்படும் பாதுகாவலர் ஏற்பாட்டை அலுவலகங்கள் எளிதில் ஏற்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பெற்றோர் அம்மாநிலத்தில் வசிக்காத, 24 வயது நிறையாத மாணவர் தம் செலவு முழுவதையும் தாமே ஈட்டியதாகவும் நிரூபிக்க வேண்டியிருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது நடைமுறையில் இயலாத காரியம். உறவினரை வைத்துச் சலுகை தரும் அரிய விதி ஒன்று ஃப்ளோரிடாவில் உண்டு. தாத்தாவோ பாட்டியோ அங்கு வசித்தால், எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற வெளிமாநிலப் பேரப்பிள்ளைகளில் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையினருக்குக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள்.

கேள்வி (சியாட்டிலிலிருந்து ஒரு தந்தை): அப்படியானால் வெளிமாநிலத்தில் படிக்க விரும்பும் பிள்ளைக்கு வழியே இல்லையா?

பதில்: உண்டு. மேற்கு மாநிலங்களுக்கிடையே இளநிலை மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பங்கேற்கும் கல்லூரிகள் மாநிலவாசிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. எல்லாப் பல்கலைக்கழகங்களும் எல்லாப் பாடங்களும் அதில் இல்லை. குறிப்பாக அதிகம் பேர் விரும்பும் பிரிவுகளை விலக்கிவிடுவதுண்டு. தெற்கு மாநிலங்களிலும் நியூ இங்கிலாந்திலும் இவ்வகைத் திட்டங்கள் உள்ளன. மினசோட்டாவும் விஸ்கான்சினும் தமக்குள் தனி ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்களில் இந்த வேறுபாடே கிடையாது.

கேள்வி (ஷார்லட்டிலிருந்து ஒரு தாய்): இரண்டு ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியிலிருந்து வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தோம். கணவர் பழைய வேலையையே வீட்டிலிருந்து தொடர்கிறார். ஓட்டுநர் உரிமத்தை மாற்றச் சோம்பலாக இருந்துவிட்டோம். என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பதில்: இன்றே அந்த உரிமத்தை மாற்றுங்கள். வட கரோலினாவில் அந்தந்தக் கல்லூரி முடிவெடுப்பதில்லை. மாநிலம் முழுமைக்கும் பொதுவான ஒரு வசிப்பிடத் தீர்மான அமைப்பு உங்கள் விவரங்களைப் பிற அரசுத் துறைகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிலையான இருப்பிடந்தான் இருக்க முடியும். பழைய மாநிலத்து உரிமம், பழைய மாநிலத்து வாகன எண், சம்பளச் சீட்டில் பழைய மாநிலத்துக்குப் பிடித்த வரி ஆகிய ஒவ்வொன்றும், நீங்கள் இன்னும் அங்கேயே வேர் வைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். நீங்கள் மெய்யாகவே குடிபெயர்ந்தவர்கள் என்பதால், வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், இளைய பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, மின்கட்டண ரசீதுகள், மாநில வருமான வரிப் படிவம் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். கணவரின் நிறுவனத்தின் சம்பளப் பிரிவு எந்த மாநிலத்துக்கு வரி பிடிக்கிறது என்பதை அவசியம் பாருங்கள். நான் கண்ட மறுப்புகளில் பல இந்த ஒரு விஷயத்தில்தான் சிக்கின.

இன்னும் ஓர் எச்சரிக்கை; இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சான்றுகளின் பட்டியலில் வாக்காளர் பதிவு என்று ஒன்று இருக்கும். ஓட்டுநர் உரிம அலுவலகத்திலும் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவர், கிரீன் கார்டு வைத்திருப்பவரே ஆனாலும், ஒருபோதும் சம்மதம் தெரிவிக்கக் கூடாது. குடிமகன் என்று பொய்யாகக் கூறியதாக அது பதிவாகி நாடுகடத்தல் வரை இட்டுச்செல்லக்கூடும். அந்தச் சான்று இல்லாமலே மற்றவற்றைக் கொண்டு தகுதியை நிரூபிக்க முடியும்.

கேள்வி (வர்ஜீனியாவிலிருந்து ஒரு மாணவி): என் விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. அப்பா உலக வங்கியில், பன்னாட்டு அமைப்புகளின் ஊழியருக்கான ஜி-4 விசாவில் இருக்கிறார். மேல்முறையீடு செய்வதில் பயனுண்டா?

பதில்: நிச்சயம் உண்டு, மகளே. உங்கள் நிலைக்கு நேரடியான முன்னுதாரணமே இருக்கிறது. மேரிலாண்ட் பல்கலைக்கழகம் ஜி-4 விசாவினரின் பிள்ளைகளுக்கு, அவர்கள் மாநிலத்தில் நிலையாக வசித்தும், மாநிலவாசிக் கட்டணத்தை மறுத்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு கூட்டரசுச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. எனவே விசா வகை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டியிருந்தால் மேல்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டலாம். ஓராண்டு வசிப்பை நிரூபிக்கவில்லை என்பது காரணமானால், தேவை வாதமல்ல, ஆவணம்.

மறுப்புக் கடிதத்திலுள்ள காரணத்தை வரிக்கு வரி படியுங்கள். கெடு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் சில வாரங்களே இருக்கும், தவறினால் அந்தப் பருவம் போயிற்று. குடும்பம் வர்ஜீனியாவுக்கு வந்த நாளிலிருந்து இன்று வரை ஒரே பக்கத்தில் காலவரிசை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதை மெய்ப்பிக்கும் ஆவணத்தின் எண்ணைக் குறியுங்கள். கல்லூரியின் வறுமைச் சலுகை விண்ணப்பம் போல உணர்ச்சிமிக்க கடிதம் எழுத வேண்டியதில்லை. நான் பரிசீலித்த காலத்தில் ஒரு கோப்புக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. தேதியும் சான்றும் நேருக்கு நேர் இருந்த கோப்புகளில் முடிவை மாற்றி எழுதுவது எங்களுக்கும் எளிதாக இருந்தது. மேல்முறையீடும் மறுக்கப்பட்டால், அடுத்த பருவத்துக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள். முந்தைய மறுப்பு அதற்குத் தடையாகாது.